இரண்டு வாரத் தாய்மார்கள்

வெளிநாட்டு ஆதரவற்றோர் இல்லத்துக்குப் பணம் கட்டிப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, மேலை நாட்டு இளைஞர்களிடையே இன்னும் மதிப்பு குறையாத விடுமுறைத் தொண்டு. கண்டனங்கள் பெருகிய பிறகு அதற்கு ஒரு தற்காப்பும் தயாராகிவிட்டது: தொட்டிலில் கேட்பாரற்றுக் கிடப்பதைவிட, யாரோ ஒருவர் இரண்டு வாரமாவது தூக்கி வைத்திருப்பது மேல் அல்லவா?

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே ஆயா அறை நிறையக் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில், பால் புட்டியைத் துணிச்சுருளில் முட்டுக்கொடுத்து வாயில் வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்கு ஓட வேண்டியிருக்கும். கூட ஓர் ஆள் இருந்தால் ஈரத்துணியாவது நேரத்துக்கு மாறும். போகிறவர்களின் நல்லெண்ணத்தையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கோளாறு அந்த ‘யாரோ ஒருவர்’ என்பதில்தான் இருக்கிறது. ஏழெட்டு மாதத்தில் குழந்தை வேற்றுமுகம் பார்க்கத் தொடங்கும். பழகியவரிடம் தாவும், புதியவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். நாள்தோறும் அதே ஆள் திரும்பி வருவதால் உருவாகும் பற்று அது. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி 1951இல் எழுதிய அறிக்கையே, நிலையான ஒருவரின் பராமரிப்பு இல்லாத குழந்தையின் மனநலம் கெடும் என்று எச்சரித்தது. தன்னார்வலர் ஏற்பாடோ, ஆள் மாறுவதையே முறையாக்கி வைத்திருக்கிறது. குழந்தை ஒரு குரலுக்குப் பழகும்போது அந்தக் குரலுக்கு விமான நேரம் வந்துவிடுகிறது.

இப்படி வளரும் பிள்ளைகளில் பலர் ஒரு கட்டத்தில் வேற்றுமுகம் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். வாசலில் எவர் நுழைந்தாலும் கையை நீட்டுகிறார்கள், மடியில் ஏறுகிறார்கள். வந்தவரோ நெகிழ்ந்துபோய், ‘பார்த்தவுடனே என்னிடம் ஒட்டிக்கொண்டது’ என்று எழுதிப் படம் போடுகிறார். குழந்தை மனநல மருத்துவம் அதே நடத்தையை நிலையான பராமரிப்பு கிடைக்காததன் அறிகுறியாகக் குறித்துக்கொள்கிறது. அழுகை கேட்காத தொட்டில் அறையும் அப்படித்தான். அழுதால் ஆள் வராது என்று தெரிந்துகொண்ட குழந்தைகளின் அமைதியைப் பார்த்து, ‘சமர்த்துப் பிள்ளைகள்’ என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பியது. நான்கரை வயதில் அவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களிடம் பற்றும் நன்றாகத் துளிர்த்தது. ஆய்வு இல்லங்களைப் பற்றியது, தன்னார்வலர்களைப் பற்றியது அல்ல என்று மறுக்கலாம். ஆனால் இல்லங்களில் முறை வைத்து மாறும் ஆயாக்களாலேயே இவ்வளவு கெடுதல் என்றால், மாதம் இருமுறை மாறும் விருந்தினர்களால் நன்மை விளையும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

பணத்தின் கணக்கும் இதோடு சேர்ந்தது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இத்தகைய இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்கிறது யுனிசெஃப் 2011இல் வெளியிட்ட ஆய்வு. பெற்றோர் இல்லாத பிள்ளைகள் திடீரென்று பெருகிவிடவில்லை. பார்க்க வருவோரும் கொடுக்க வருவோரும் பெருகினார்கள். குழந்தை வீடு திரும்பினால் இல்லத்துக்கு வருமானம் குறையும் என்ற நிலையில், திருப்பி அனுப்ப முனைவோர் எத்தனை பேர்? 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானமும் இத்தகைய தன்னார்வத் திட்டங்களின் கேடுகளைச் சுட்டிக்காட்டியது.

‘அப்படியானால் யார்தான் தூக்குவது?’ என்ற கேள்விக்கு விடை உள்ளூரிலேயே இருக்கிறது. விமானச் சீட்டுக்குப் போகும் பணம், நின்று வேலை பார்க்கும் ஆயாவின் சம்பளமாகலாம். பிள்ளையை வளர்க்க வழியில்லாத தாய்க்கு மாத உதவியாகலாம். ருமேனியா 2005 முதல், கடுமையான குறைபாடு உள்ளவர்கள் நீங்கலாக, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை இல்லங்களில் சேர்ப்பதற்கே தடை விதித்து வளர்ப்புக் குடும்பங்களை நாடியது. வெளியிலிருந்து போகிறவர்களில் ஆயாக்களுக்குப் பயிற்சி தரும் செவிலியர், இயன்முறை மருத்துவர் போன்றோருக்கு வேலை உண்டு. அவர்களும் சொல்லிக்கொடுக்கலாமே தவிர, குழந்தையைத் தூக்கிச் சீராட்டுவதை ஆயாவிடமே விட்டுவிட வேண்டும்.