சுருள்வில்லை அடக்குதல்

பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1948-இல் வெளியிட்ட ஏர்ஸ்போர்ட்டர் போன்ற பழைய ஏர்கன்களைச் சீர்செய்வதில் எனக்கு மிகவும் பிடித்தது, சத்தத்தை அடக்கும் வேலைதான். சுட்டதும் ‘டொய்ங்’ என்று அதிர்ந்தால், சுருள்வில்லுக்கும் அதனுள் இருக்கும் தண்டுக்கும் இடையே பெரும்பாலும் இடைவெளி அதிகம். புதுத் தண்டு கடைந்து, வில்லுக்குள் இறுக்கமாக நுழையும்படி பொருத்த வேண்டும். வில்லின் முனைகளைத் தட்டையாக்கி, வழவழப்பாக மெருகேற்றி, கெட்டியான கிரீஸை மெல்லிசாகத் தடவினால், சுடும்போது ‘டப்’ என்று ஒற்றைச் சத்தம். அந்தச் சுத்தத்துக்கு எத்தனை மணி நேரமும் செலவிடலாம்!

அந்த வில் தள்ளும் பிஸ்டனில் தோல் வாஷர் இருந்தால் அது காயக்கூடாது. காய்ந்தால் காற்று கசியும். எண்ணெய் மிஞ்சினாலோ, அழுத்தத்தில் சூடேறும் காற்று அதைப் பற்றவைத்துவிடும். புகையும் வெடிச்சத்தமும் வரும். வேகத்துக்காக வலுவான வில் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உதைப்பு கூடினால் குறி கலையும்.