பதினோராம் பத்தி

நாவலாசிரியன் என்றால் நாவலையும் சிறுகதையையும்தான் விமரிசனம் செய்ய வேண்டும் என்று எவரும் விதி வகுத்துவிடவில்லை. சர்க்கார் காகிதமும் யாரோ ஒருவர் மேஜை முன் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதியதுதான். அதிலும் பாத்திரங்கள் உலவுகிறார்கள். எழுதியவரின் மனப்போக்கு, அவர் மறைக்க நினைத்தாலும், வாக்கியத்தின் முடிவில் எட்டிப் பார்த்துவிடுகிறது. ஆகவே இந்த மாதம் நான் எடுத்துக்கொண்டிருப்பது கதை அல்ல; பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட்ட ஒரு குறிப்பின் 11-ஆவது பத்தி.

பிரிட்டனில் 2015-ஆம் வருஷம் பயங்கரவாதத்தைத் தடுப்பதற்காக ஒரு சட்டம் செய்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, பல்கலைக்கழகம் முதலிய ஸ்தாபனங்கள், ஜனங்கள் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படாமல் தடுக்க வேண்டிய அவசியத்தில் 'உரிய கவனம்' செலுத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். இதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று விளக்கி, இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகங்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டிக் குறிப்பும் எழுதினார்கள். 2015 செப்டம்பர் 18-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. வெளியிலிருந்து பேச்சாளர்களை அழைப்பது பற்றிப் பேசுவது அதன் 11-ஆவது பத்தி.

பத்தியின் சாரம் இது. ஒரு பேச்சாளரை அனுமதிக்கலாமா என்று யோசிக்கும்போது, அவர் சொல்லக்கூடியவை தீவிரவாதக் கருத்துக்களா, கேட்பவர்களைப் பயங்கரவாதத்துக்குள் இழுக்கக்கூடியவையா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் கூட்டத்தை நடத்தவிடக் கூடாது. அபாயத்தை முழுமையாக நீக்கிவிடலாம் என்று பல்கலைக்கழகத்துக்குப் பரிபூரண நம்பிக்கை இருந்தால்தான் நடத்தவிடலாம். எதிர்க்கருத்து உடைய ஒருவரையும் அதே கூட்டத்தில் பேசவைக்க வேண்டும். வேறொரு நாள் வேறொரு கூட்டம் போட்டால் போதாது. இத்தனைக்கும் பிறகு சந்தேகம் ஏதாவது மிஞ்சினால், கூட்டம் வேண்டாம்.

'முழுமையாக', 'பரிபூரண நம்பிக்கை', 'சந்தேகம் ஏதாவது' என்ற சொற்களைப் பாருங்கள். எவரை மனத்தில் வைத்து இவற்றை எழுதினார்கள்? பேராசிரியரையோ, துணைவேந்தரையோ அல்ல. கூட்டத்துக்கு அறை ஒதுக்கிக் கொடுக்கும் உத்தியோகஸ்தர் ஒருவர் இருப்பாரே, அவரை. பாவம், அவருக்கு அந்தப் பேச்சாளர் யார் என்றே தெரியாது. அனுமதி கொடுத்துப் பின்னால் ஏதாவது நேர்ந்தால் பழி அவர் தலையில் விழும். மறுத்துவிட்டால் ஒன்றும் விழாது. மழை பெய்யவே பெய்யாது என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பந்தல் போடலாம் என்று உத்தரவு போட்டால், எந்த ஊரில் கல்யாணம் நடக்கும்?

இனி, இந்தப் பத்திக்கு முன்னால் ஒரு மாணவனையோ மாணவியையோ நிறுத்திப் பார்ப்போம். ஏதோ ஒரு மாணவர் குழுவின் காரியதரிசி. இஸ்லாமோபோபியாவும் சிவில் உரிமைகளும் என்ற விஷயத்தைப் பற்றிப் பேச ஒருவரை அழைக்க அந்தப் பிள்ளை ஆசைப்படுகிறது. இஸ்லாமோபோபியா என்ற சொல்லைப் பிரிட்டனில் பலரும் அறியச் செய்தது 1997-இல் ரன்னிமீட் டிரஸ்ட் வெளியிட்ட ரிப்போர்ட். முஸ்லிம்கள் மீதுள்ள காரணமற்ற அச்சத்தையும் வெறுப்பையும் அது ஆராய்ந்தது. அந்த ரிப்போர்ட்டை வெளியிட்டு வைத்தவர் அன்றைய உள்நாட்டு மந்திரி ஜாக் ஸ்ட்ரா. ஒரு காலத்தில் உள்நாட்டு மந்திரியே வெளியிட்டு வைத்த விஷயம், 2015-க்குப் பிறகு உள்நாட்டு இலாகாவின் குறிப்பைத் தாண்டிக்கொண்டுதான் மேடை ஏற வேண்டியிருந்தது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இந்த விஷயத்தைப் பேச வருகிறவர் 2015-ஆம் வருஷத்துச் சட்டத்தைக் குறை கூறாமல் எப்படிப் பேசுவார்? முஸ்லிம் மாணவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கவைக்கிறது என்பதுதானே அந்தச் சட்டத்தின் மேல் சொல்லப்பட்ட முதல் புகார்? தீவிரவாதம் என்பதற்குச் சர்க்கார் வைத்திருந்த இலக்கணமோ, ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், பிற மதங்களிடம் சகிப்பு ஆகிய பிரிட்டிஷ் விழுமியங்களை வாயால் எதிர்ப்பதையும் உள்ளடக்கியது. ஒரு சட்டம் தவறு என்று பேசுவது சட்டத்தின் ஆட்சியை எதிர்ப்பதாகுமா? ஆகாது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அறை ஒதுக்குகிற உத்தியோகஸ்தருக்கும் தெரியும். ஆனால் அவரிடம் கேட்பது பரிபூரண நம்பிக்கை அல்லவா?

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்தப் பத்தியில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. பேச்சாளர் இருக்கிறார், எதிர்ப் பேச்சாளர் இருக்கிறார், அனுமதி கொடுப்பவர் இருக்கிறார். கேட்பவர் இல்லை. அதாவது, இருக்கிறார், ஆனால் 'இழுக்கப்படுகிறவராக' மட்டுமே இருக்கிறார். பத்தொன்பது இருபது வயசு மாணவர்கள் நூறு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு மனிதரின் பேச்சைக் கேட்டால் என்னென்ன நடக்கும்? ஒருவன் குறிப்பு எடுப்பான். ஒருவன் பின் வரிசையில் தூங்குவான். ஒரு பெண் எழுந்து, பேச்சாளர் தடுமாறும்படி ஒரு கேள்வி கேட்பாள். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்ட எனக்கே இது தெரிகிறது. அந்தப் பெண்ணைப் பத்தியை எழுதியவர் கண்டதாகவே தெரியவில்லை. எதிர்க்கருத்தைச் சொல்ல வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவா என்கிறார். எதிர்க்கருத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்காதா?

விசித்திரம் என்னவென்றால், மூலச் சட்டம் இப்படி ஒருதலைப்பட்சமாக எழுதப்படவில்லை. பல்கலைக்கழகங்கள் பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கும் கடமையில் 'தனிக் கவனம்' செலுத்த வேண்டும் என்று அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. குறிப்பை எழுதும் மந்திரிக்கும் அதே கடமைதான். பயங்கரவாதத் தடுப்புக்கு 'உரிய' கவனம். பேச்சுச் சுதந்திரத்துக்குத் 'தனி'க் கவனம். சட்டம் எழுதுகிறவர்கள் அடைமொழியைச் சும்மா போடுவதில்லை. இரண்டில் எது கனமானது என்று பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்லிவிடுவான். 11-ஆவது பத்தி கனமில்லாத பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

அந்தப் 'பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கும் கடமை' 1986-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தில் பிறந்தது. மாணவர்கள் கூச்சல் போட்டுப் பேச்சாளர்களை விரட்டிய காலம் அது; விரட்டப்பட்டவர்களில் பலர் வலதுசாரிகள். சில வருஷங்களில் அது கோர்ட்டுக்கும் வந்தது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி மாணவர்கள், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் தூதரக அதிகாரிகளைப் பேச அழைத்தார்கள். பக்கத்துப் பேட்டையில் கலவரம் மூளும் என்று பல்கலைக்கழகம் மறுத்தது. தன் அதிகாரத்துக்கு உட்படாத ஆட்கள் வெளியே செய்யக்கூடிய கலாட்டாவைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 1990-இல் தீர்ப்பாயிற்று. நிறவெறிச் சர்க்காரின் ஆட்களுக்காக உண்டான நியாயம்! எனக்கு அந்த விருந்தாளிகளைக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு சட்டம் எழுத முடியுமா?

இதை மாணவர்களும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பர் 17-ஆம் தேதி, குறிப்பு அமலாவதற்கு முதல் நாள், பிரதம மந்திரி காரியாலயம் ஓர் அறிக்கை விட்டது. முந்திய வருஷத்தில் குறைந்தது 70 கூட்டங்களில் வெறுப்புப் பேச்சாளர்கள் பேசியதாகச் சொல்லி, சிலருடைய பெயர்களையும் அதில் போட்டிருந்தார்கள். அதே மாதம் வாரிக் பல்கலைக்கழகத்தில் நாத்திக மாணவர் குழு ஒன்று, இஸ்லாத்தை விட்டு விலகியவரும் ஈரானில் பிறந்தவருமான மரியம் நமாஸி என்ற பெண்மணியைப் பேச அழைத்தது. மாணவர் சங்கம் தடுத்தது. அவர் பேச்சு வெறுப்பைத் தூண்டலாமாம். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு சில நாட்களில் சங்கம் மன்னிப்புக் கேட்டு வழிவிட்டது. பிரதம மந்திரிக்கும் மாணவர் சங்கத்துக்கும் அந்த ஒரு மாதத்தில் எவ்வளவு ஒற்றுமை! முஸ்லிம்களின் மேல் உள்ள வெறுப்பைப் பேச ஒரு மேடை வேண்டும் என்று கேட்கிறவர், இஸ்லாத்தை விமரிசிக்கிற பெண்ணின் மேடையைத் தட்டிவிட்டால், 11-ஆவது பத்தியைத் தம் கையாலேயே இன்னொரு தடவை எழுதுகிறார்.

பிரதம மந்திரி காரியாலயத்தின் பட்டியலில் இருந்த சல்மான் பட் என்பவர் கோர்ட்டுக்குப் போனார். அவருடைய அபிப்பிராயங்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. குறிப்பு வெறும் குறிப்புத்தானே, அதைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகம் வேறு முடிவுக்கு வரலாமே என்ற போக்கில் 2017-இல் ஹைகோர்ட் வழக்கைத் தள்ளிவிட்டது. 2019 மார்ச் 8-ஆம் தேதி மேல்முறையீட்டு கோர்ட் பல விஷயங்களில் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. 11-ஆவது பத்தியில் மட்டும் அவர் பக்கம் நின்றது. சுதந்திரத்தைக் காக்கும் கடமையைச் சரியாக எடுத்துச் சொல்லாததால், அதை நம்பி முடிவெடுப்பவர் தவறிவிடக் கூடும். ஆகவே பத்தி சட்டத்துக்குப் பொருந்தாது என்று தீர்ந்தது. நீதிபதிகள் செய்தது வேறென்ன? நல்ல விமரிசகன் செய்வதைத்தான். வாசிப்பவன் மனத்தில் இந்த வாக்கியம் என்ன எண்ணத்தை விளைவிக்கும் என்று பார்த்தார்கள்.

அதே மனிதர் மான நஷ்ட வழக்கும் போட்டிருந்தார். அதில் சர்க்கார் என்ன வாதாடிற்று தெரியுமா? தாங்கள் சொன்னது உண்மை விவரம் அல்ல, அபிப்பிராயம் என்று. கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. அபிப்பிராயம் சொல்லும் சுதந்திரம் எவ்வளவு அருமையானது என்பது சர்க்காருக்கும் தெரியாமல் இல்லை.

இவ்வளவு அமர்க்களம் எதற்கு, எத்தனை கூட்டங்கள்தான் நின்றுவிட்டன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் கணக்கும் இருக்கிறது. 2017-18 கல்வி வருஷத்தில் இங்கிலாந்தில் வெளிப் பேச்சாளர்களுக்காக வந்த விண்ணப்பங்கள் சுமார் 62,000; மறுக்கப்பட்டவை 53. இந்தக் கணக்கை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை எண்ணலாம். எழுதாமல் விட்ட விண்ணப்பத்தை எண்ண முடியாது. நமக்கு எதற்கு வம்பு என்று அந்தக் காரியதரிசிப் பிள்ளை, 'சிவில் உரிமைகள்' என்ற தலைப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு உணவுத் திருவிழா நடத்தப் போய்விட்டால் அது எந்தக் கணக்கில் ஏறும்? பயங்கரவாதத் தடுப்பு விதிகளால் உண்டான குழப்பமும் அச்சமும் மாணவர்களைத் தயங்க வைக்கின்றன என்று பார்லிமெண்டின் மனித உரிமைக் கமிட்டியே 2018-இல் சொல்லியிருக்கிறது. பல்கலைக்கழகங்களில் எங்கும் வாய்ப்பூட்டு என்ற பேச்சு மிகை என்றும் அந்தக் கமிட்டி சொன்னதை நான் மறைக்கவில்லை.

11-ஆவது பத்திக்கு ஒரு முன்னோர் உண்டு. 2014 டிசம்பரில் வந்த அதன் வரைவில், பேச்சாளர் பேசப் போவதன் சுருக்கத்தையும், திரையில் காட்டப் போகும் படங்களையும் முன்கூட்டியே வாங்கிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. எதிர்ப்பு வந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். இதைப் படித்தபோது நம் நாடகக்காரர்கள் சிரித்திருப்பார்கள். அதே பிரிட்டிஷார் 1876-இல் இந்தியாவில் நாடகங்களை அடக்கச் சட்டம் செய்தார்கள். சுதந்திரம் வந்த பின்னும் அந்தப் புத்தி நம்மை விடவில்லை. 1954-இல் சென்னை ராஜ்யமும் அதே மாதிரிச் சட்டம் ஒன்று செய்துகொண்டது. நாடகப் பிரதியைப் போலீஸில் கொடுத்து உத்தரவுக்குக் காத்திருந்தார்கள் நம் குழுக்கள். ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை ஹைகோர்ட் அதை ரத்துச் செய்தது 2013-இல்தான்.

பிரிட்டனில் பழைய குறிப்புப் போய், 2023 டிசம்பர் 31 முதல் புதுக் குறிப்பு நடைமுறையில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் பேச்சுச் சுதந்திரத்துக்கென்றே 2023-இல் ஒரு சட்டமும் நிறைவேறிற்று. அதை அமல் செய்வதை 2024 ஜூலையில் புது சர்க்கார் நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதி முக்கியமான பகுதிகள் இங்கிலாந்தில் அமலுக்கு வந்தன. மாணவர் சங்கங்களின் மீது நேரடியாகக் கடமை சுமத்தும் பகுதிகளை மட்டும் அன்று சேர்க்கவில்லை. அழைப்புக் கடிதம் எழுத ஆசைப்படும் காரியதரிசி அறை கேட்டு முதலில் போய் நிற்பது பல இடங்களில் அந்தச் சங்கத்தின் மேஜைக்கு முன்னால்தான்.