ஏலக்காய் டப்பாவில் கிளாரெண்டன்

போடியிலோ கம்பத்திலோ பரிசுக்கென்று விற்கிற ஏலக்காய், காபி டப்பாக்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பழுப்புத் தாள், மலை வரைந்த ஒரு கோடு, அதன்கீழே தடித்த ஆங்கில எழுத்து. எழுத்தின் நுனியிலெல்லாம் செங்கல்லை வைத்த மாதிரி கட்டையான கால். இதை ஸ்லாப் செரிஃப் என்பார்கள். 'விண்டேஜ் லுக் வேணும்' என்று கேட்டால் டிசைனர் கை முதலில் போகிற இடம்.

இவ்வகையில் பேர்போனது கிளாரெண்டன். 1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்டார். அகராதியில் தலைச்சொல் பளிச்சென்று நிற்கணும், போஸ்டர் தூரத்திலிருந்தே தெரியணும். அதற்கான வேலைக்காரன். பதிவுரிமை மூன்று வருஷம்தான். முடிந்ததும் ஆளாளுக்குக் காப்பியடித்தார்கள். பிறந்தபோது அதில் பழமையின் வாடையே கிடையாது. உரக்கக் கூப்பிடுகிற புது எழுத்து அது.

அதன்மேல் எனக்குக் கோபமில்லை. கட்டைக்கால் இருப்பதால் முரட்டுத் தாளில் மை கொஞ்சம் பரவினாலும் உருவம் தாங்கும். நல்ல உழைப்பாளி எழுத்து. என் கேள்வி, டப்பாவின்மேல் அது யாருடைய பழமையைச் சொல்கிறது என்பதுதான். முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. மலைமேல் வெள்ளைக்காரத் தோட்டங்கள் பெருகியதும் அந்தக் காலத்தையொட்டித்தான். இந்த எழுத்தைப் பார்த்ததும் துரை பங்களா மனசில் வருகிறது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டும் கம்பம்மெட்டும் தாண்டிக் காய் பறிக்கப் போகிற பெண்கள் வருவதில்லை.

சரி, அதே டப்பாவில் தமிழ்? ஓரமாய், கம்ப்யூட்டரில் கைக்குக் கிடைத்த ஏதோவொரு எழுத்துருவில். தமிழுக்கும் கட்டைக்கால் ஒட்டினால் சரியாகிவிடுமா? ஆகாது. 'ர'வையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது அடியில் இருக்கிற சின்னச் சாய்வு. இரண்டுக்கும் கீழே ஒரே பட்டையை வைத்துவிட்டால் 'காரம்' என்ற சொல்லில் எது கால், எது ர என்று தடுமாறுவோம். 'ட', 'ப', 'ம' மூன்றுக்கும் ஏற்கெனவே சொந்தமாய்த் தரை இருக்கிறது. இன்னொரு கால் எதற்கு?

தமிழ் எழுத்தின் பழசு வேறு இடத்தில் இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு நின்றன. 'ணா', 'றா', 'னா' துணைக்கால் இல்லாமல் தனி உருவத்தில் சுழிந்தன. பழைய அச்சுப் புத்தகங்களில் அவற்றை இன்றும் பார்க்கலாம். அப்புறம் தட்டச்சு. இரா. முத்தையாவின் விசைப்பலகை வழியே வந்த அந்த எழுத்தில்தான் நம் வீட்டுப் பத்திரங்கள் பல இருக்கின்றன. இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் லோயர், ஹையர் பாஸ் பண்ணின அக்காக்களுக்கு அது விரலோடு தெரியும்.

ஆங்கிலத்துக்குக் கிளாரெண்டன் இருந்துவிட்டுப் போகட்டும். தமிழுக்கு எழுத்து வரைகிறவர்கள் பீரோவைத் திறந்து அந்தப் பத்திரத்தை ஒருதடவை எடுத்துப் பார்க்கலாம். வாங்கினவர் பெயர், விற்றவர் பெயர், நான்கெல்லை எல்லாம் அதில் தமிழில் இருக்கும்.