காய் இல்லாத கொன்றை

சித்திரையில் அம்பத்தூர், ஆவடி பக்கம் சரக்கொன்றை பூத்துத் தொங்கும். வாட்டர் கலர் பழகுகிறவர்களுக்கு அதை வரைந்து நிலையாமை என்று தலைப்பு வைக்க ஆசை வந்துவிடுகிறது. ஜப்பானியச் செர்ரிப் பூ பழக்கிவிட்ட பார்வை இது. பத்து நாளில் கொட்டித் தீரும் செர்ரிக்குச் சரி. வாரக்கணக்கில் பூக்கும் கொன்றைக்கு ஒட்டுமா?

வரைவதில் நன்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. வாட்டர் கலரில் பச்சையின் மேல் மஞ்சள் ஏறாது. பூவுக்கான இடத்தை முதலிலேயே விட்டுவைத்து, சுற்றிலும் இலையைத் தீட்ட வேண்டும். ஏப்ரல் வெயிலில் வண்ணம் பரவுவதற்குள் தாள் காய்ந்து, விளிம்பு கோடாக நின்றுவிடும். அத்தனை பாடுபட்டுப் பார்ப்பவர் கண்ணில்தான் படும்: சரத்தின் மேற்பகுதி விரிந்திருக்க, நுனியில் மொட்டு இன்னும் உருண்டையாகவே இருக்கிறது. பக்கத்தில் போன வருஷத்துக் காய் முழ நீளத்துக்குக் கறுத்துத் தொங்குகிறது.

அந்தக் காயைத்தான் படத்தில் விட்டுவிடுகிறார்கள். அழகு கெடுகிறதாம்! காயை நீக்கினால் உதிர்வது மட்டுமே மிஞ்சும். மரம் காட்டுவதில் பாதி போய்விடும். குறுந்தொகை 66-ஆம் பாட்டில், கோவத்தனாரின் தோழி, பருவமல்லாத மழையைக் கார் என்று நம்பிப் பூத்த கொன்றையை அறிவில்லாதது என்கிறாள். அங்கே பூ, தலைவன் திரும்பி வரும் காலத்துக்கு அடையாளம், சாவுக்கு அல்ல. வான் கோ 1890-ல் வரைந்த பூத்த பாதாம் கிளைகளும் தம்பிக்குப் பிறந்த குழந்தைக்கான பரிசுதான்.

நிலையாமையைத்தான் வரைவேன் என்பவருக்குப் பூவரசு இருக்கிறது. காலையில் மஞ்சளாக விரியும் பூ, பொழுது சாய்வதற்குள் சிவக்கத் தொடங்கிவிடும். செர்ரியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் படங்களின் பெரிய குறை வேறு. பூ உதிர்வதற்கு வருந்துகிறவர்கள் மரம் விழுவதை வரைவதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாலை அகலமாகும்போதும் மரம்தான் முதலில் போகிறது. உதிர்ந்த பூ அடுத்த சித்திரையில் வந்துவிடும். வெட்டிய மரம் வராது. அடிமரத்தை விட்டுவிட்டுப் பூங்கொத்தை மட்டும் தீட்டும் தத்துவம் எனக்குச் சோம்பலாகவே படுகிறது.

வரைகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: காயையும் வரையுங்கள், தாளின் பின்புறம் மரத்தின் பெயர், தெரு, தேதி மூன்றையும் எழுதிவையுங்கள்.