பிழைத்தவளின் சொல்

மதுரையைச் சுற்றியுள்ள பழைய வண்டிப்பாதைகளில், மார்பளவு உயரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களை வாசகர் பலரும் கண்டிருப்பர். நட்டு நிறுத்திய இரு கற்கள். அவற்றின்மேல் குறுக்கே கிடத்திய ஒரு கல். சந்தைக்குச் செல்வோர் பிறர் கையுதவியின்றித் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி, இளைப்பாறி, குனியாமலே மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் இதனை நடுவது வழக்கம். இறக்காத சுமையோடு போனவள் அவள். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் இங்கே சுமை இறக்கும்போது அவளுடைய பாரமும் சிறிது குறையும் என்பது நம்பிக்கை. சாலைகள் அகலமாகத் தொடங்கிய பின்னர் இவற்றுட் பல பெயர்க்கப்பட்டு, ஓரமாகப் புரண்டு கிடக்கின்றன.

இறந்தவளுக்குக் கல் இருக்கிறது. பிறந்த பிள்ளைக்குத் தாலாட்டு இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒருத்தி இருக்கிறாள்: சாவின் வாசல்வரை சென்று திரும்பியவள். 'செத்துப் பிழைத்தாள்' என்றும், 'பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி' என்றும் ஊர் சொல்கிறது. இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் அவள் எங்கே சென்றாள், என்ன கண்டாள், எப்படித் திரும்பினாள் என்று நாம் கேட்பதில்லை. நம் எழுத்தும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் படித்தவரையில், தமிழில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் அறைக்கு வெளியே நிற்பவரின் கண்ணாலேயே எழுதப்பட்டுள்ளது.

பழைய இலக்கியத்தில் இதற்குத் தக்க காரணம் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மதுரையின் அரசியே கருவில் உருவாகவில்லை; வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுச் சிறுமியாக எழுகிறாள். காஞ்சனமாலை தாயாகிறாள், நோவறியாத தாய். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அந்த இலக்கிய வகையின் முறைப்படி காப்புப் பருவத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் நடந்ததற்குப் பருவம் இல்லை. மதுரை மறைத்தளத்தில் உழைத்த வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணியில் மரியன்னையின் பேறும் திருச்சபை மரபையொட்டி நோவின்றியே நிகழ்கிறது. தெய்வத்தைப் பாடுவோர் இப்படித்தான் பாடுவர். மனிதப் பெண்ணைப் பாட வந்தோரும் அதே வழியிற் சென்றதுதான் கேள்விக்குரியது.

விவிலியம் ஓரிடத்தில் அறைக்குள் நுழைகிறது. தொடக்க நூலின் 35-ஆம் அதிகாரத்தில், எப்ராத்துக்குச் செல்லும் வழியில் ராகேலுக்கு வலி கடுமையாகிறது. இதுவும் ஆண்பிள்ளைதான், அஞ்சாதே என்கிறாள் மருத்துவச்சி. சாகின்றவளுக்கு இது எவ்வகை ஆறுதலோ! உயிர் பிரியும் வேளையில் ராகேல் பிள்ளைக்குப் பெனோனி என்று பெயரிடுகிறாள். துயரத்தின் மகன் என்பது பொருள். யாக்கோபு உடனே அதைப் பென்யமின் என்று மாற்றிவிடுகிறார். பிள்ளை வாழ்நாள் முழுதும் தாயின் சாவைப் பெயராகச் சுமக்கவேண்டாம் என்ற தந்தையின் இரக்கம் புரிகிறது. ஆனால் அந்த அறையிலிருந்து வெளிவந்த அவளது ஒரே சொல் அது. வந்த கணமே அழிக்கப்பட்டது. அதன்பின் அவளது கல்லறைமேல் அவர் ஒரு தூண் நாட்டுகிறார். நம் சுமைதாங்கியைக் கண்டவர்க்கு அத்தூண் அந்நியமாகத் தோன்றாது. பெயரை மாற்றிவிட்டுக் கல்லை நடுவது இருநாட்டிலும் நிகழ்ந்திருக்கிறது.

தமிழகத்தில் இவ்வகையில் மிகுதியும் சொல்லப்பட்ட கதை திண்டிவனத்தில் நிகழ்ந்தது. 1890-களின் தொடக்கத்தில் ஓரிரவு. மருத்துவ மறைப்பணியாளர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் பிராமணர் ஒருவர், இஸ்லாமியர் ஒருவர், வேறு சாதி இந்து ஒருவர் என மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகாலத்தில் துடிக்கும் தத்தம் மனைவியைக் காக்குமாறு வேண்டுகின்றனர். நான் மருத்துவம் கற்றவளல்லேன், என் தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்கிறாள் அவள். அயல் ஆடவர் தொடலாகாது என்று மூவரும் திரும்புகின்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறக்கின்றனர். இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லாதிருந்த ஐடா, அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென அங்கே அவர் நிறுவிய மருத்துவப் பள்ளியே இன்றைய பெருங்கல்லூரியாக வளர்ந்தது.

உண்மை நிகழ்ச்சி, போற்றத்தக்க வாழ்வு. எனினும் இக்கதையை மேடையிலும் மலர்களிலும் எத்தனையோ முறை கேட்டும் படித்தும் இருக்கிறேன். ஒருமுறையேனும் அம்மூன்று பெண்களின் பெயர் காதில் விழுந்ததில்லை. கணவர்களுக்குச் சாதியும் சமயமுமாவது உண்டு. மனைவியருக்கு அதுவும் அவர்கள் வழியாகத்தான். கதையின் நெஞ்சு ஐடாவின் அழைத்தலில் இருக்கிறது. பெண்கள் மூவரும் அந்த அழைத்தலுக்கு ஏதுவாகிறார்கள். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இதைத் தவிர்ப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புனைகதை எழுதும் தமிழர் எவரேனும் அந்த மூன்று வீடுகளில் ஒன்றனுள் நுழைந்து பார்த்திருக்கலாம்.

நுழைந்து பார்த்தவர்களில் நம் பகுதியைச் சேர்ந்த பாமா முதன்மையானவர். 1994-இல் வெளிவந்த 'சங்கதி'யில் பேறு பார்க்கும் பாட்டி வருகிறாள். கொடி சுற்றியதும் இரட்டைப் பிள்ளையும் அவள் கைக்கு அடங்கும். மேல்சாதியார் மட்டும் அவளை அழைப்பதில்லை. புல்லறுக்கச் சென்ற இடத்தில் தனியே பிள்ளை பெற்று, அரிவாளால் கொடியைத் தானே அறுத்துக்கொண்டு வீடு திரும்பியவளின் செய்தியும் அதில் உண்டு. பேச்சுவழக்கின் வலிமையால் இப்பகுதிகள் படிப்பவரை உலுக்குகின்றன. ஆயினும் எனக்கு ஒரு மனக்குறை. அந்தப் புல்வெளியில் அவள் அஞ்சினாளா? இனிப் பிழைக்கமாட்டோம் என்று ஒருகணம் நினைத்தாளா? சொல்பவர்களின் வியப்பு அக்கேள்வியை மூடிவிடுகிறது. உழைக்கும் பெண்ணின் உறுதியைப் பிறர் இழித்த காலத்தில் அதை உயர்த்திப் பிடிப்பது பாமாவின் கடமையாக இருந்தது. அவர் அதைச் செய்தார். உறுதியைப் புகழும்போது அச்சம் வெளியே நிறுத்தப்படுவது, தாய்மையைப் புகழும்போது நிகழ்வதைப் போன்றதுதான்.

இதை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. 1958-இல் சோழவந்தானை அடுத்த எங்கள் ஊரில் தம்பி பிறந்தபோது, நஞ்சு இறங்காமல் அம்மாவுக்கு இரத்தம் பெருகிற்று. மருத்துவச்சி கைவிட்ட பின், மாட்டுவண்டியில் இரயிலடிக்கும், அங்கிருந்து மதுரைப் பெரியாசுபத்திரிக்கும் கொண்டு சென்றனர். பிழைத்தார். எங்கள் வீட்டில் இந்நிகழ்ச்சி, மாமா பட்ட பாட்டின் கதையாகவே சொல்லப்பட்டு வந்தது. எந்த வண்டி, எவ்வளவு நேரம், யார் இரத்தம் கொடுத்தது என்பவை எல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மா அக்கதையில் வண்டிக்குள் கிடப்பவர், அவ்வளவே.

என் தலைப்பேறு முடிந்த பன்னிரண்டாம் நாள், 1979-இல், தலைக்கு நீர் ஊற்றிவிட்டுச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த அம்மா, கேளாமலே சொன்னார்: "வலி நின்னு போச்சுத்தா. அம்புட்டுச் சொகமா இருந்துச்சு. தூரத்துல எல்லாரும் பேரச் சொல்லிக் கூப்புடுறாக. எதுக்குக் கூப்புடுறாகன்னு கோவந்தான் வந்துச்சு. பிள்ளை நெனப்பே இல்ல." சிறிதுநேரம் புகையை விசிறிக்கொண்டிருந்தார். "யாருட்டயும் சொல்லிறாத" என்றார். 2006-இல் இறக்கும்வரை மீண்டும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டோரின் அனுபவங்களை ரேமண்ட் மூடி என்ற அமெரிக்கர் 1975-இல் நூலாக்கினார். ஒளியும், முன்னரே இறந்த உறவினரும், திரும்ப மனமின்மையும் அதில் வருகின்றன. இங்கே சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 16 இந்தியர்களின் அனுபவங்களை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்ட கட்டுரையில் தூதர்கள் வந்து அழைத்துச் செல்கின்றனர். ஏட்டைப் பார்த்து, ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புகின்றனர். சித்திரகுப்தன் கணக்கை அறிந்த நமக்கு இது வியப்பில்லை. இரத்தம் குன்றிய மூளையின் தோற்றம் என்று விளக்குவோர் உண்டு. ஆன்மாவின் பயணம் என்போரும் உண்டு. அவ்வழக்கில் நான் நுழையவில்லை. திரும்பியவர், தம் மரபு தந்த சொற்களைக் கொண்டே கண்டதைச் சொல்கிறார் என்பதே திறனாய்வுக்கு வேண்டியது. என் தாய்க்கு அச்சொல் கிட்டவில்லை. எமதூதனும் வரவில்லை, ஒளியும் வரவில்லை. வலி நின்றது, திரும்ப மனமில்லை, பிள்ளையின் நினைவில்லை. இதில் கடைசியாகச் சொன்னதே அவரை இருபத்தோராண்டு வாயடைத்திருக்கவேண்டும். தாலாட்டில் இதற்கு இடமில்லை. ஒப்பாரியில் வைக்கலாமென்றால் அவர் சாகவில்லை. தாயைப் பாடிய பட்டினத்தார் பத்துமாதச் சுமையை நினைந்து உருகினார், அவரும் மகன். அன்னை ஒருகணம் தன்னை மறந்திருக்கக்கூடும் என்று எந்த மகனுக்குத்தான் தோன்றும்?

மருத்துவம் இப்போது இப்பெண்களைத் தனியே எண்ணத் தொடங்கியிருக்கிறது. பேறுகாலத்தில் மயிரிழையில் தப்பியவர் யாரெனும் வரையறையை உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்தது. நடுவண் அரசு 2014-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தனர். நாடு முழுமைக்கும் அது 97. சாவு குறையக் குறைய, தப்பியவர் எவ்வாறு தப்பினர் என்பது பாடமாகிறது. இரத்தம் எவ்வளவு போயிற்று, எத்தனை நாழிகை தாமதம் என்பவை அங்கே பதிவாகும். மற்றதைக் கேட்க வேண்டியவர்கள் கதையும் கவிதையும் எழுதுவோர்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறி இதை எழுதுமுன் தம்பியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அக்கா, அம்மாவுக்கு அப்ப என்ன வயசு?" என்று மட்டும் கேட்டான். இருபத்தாறு என்றேன்.