பந்தியில் சமத்துவம், அடுப்படியில்?

தை பிறந்தால் ஊரெங்கும் சமத்துவப் பொங்கல்! கல்லூரி வாயிலிலே பானை, அலுவலக முற்றத்திலே பானை, தெருமுனையிலே பானை. புராணம் வேண்டா, புரோகிதம் வேண்டா. புத்தரிசியும் வெல்லமும் கரும்பும் மஞ்சளும் போதும் என்று கூறி, உழவர் விழாவைத் தமிழர் திருநாளாக உயர்த்தியது நம் இயக்கம். அந்த வெற்றியை மறுப்பாரில்லை. வெற்றி கொண்டாடும் நாளே அதனை அளந்து பார்க்கவும் ஏற்ற நாள் என்பது நம் கருத்து.

விருந்தை அளக்கும் கோல் எது? சுவையன்று; மூன்று கேள்விகள்.

யாரோடு யார் உண்பது? இது முதற் கேள்வி. 1917-இல், கொச்சியை அடுத்த செறாயிலே, சகோதரன் ஐயப்பன் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக உண்ணச் செய்தார். 'புலையன் ஐயப்பன்' என்று ஏசினர் சாதி வெறியர். ஏச்சை விருதென ஏற்றார் அவர். வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவிட்டனர். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதனை எதிர்த்தனர். 1925-இல் அக்கிளர்ச்சி தமிழகத்தை உலுக்கிற்று. சிறுவர் உண்ட சோறுதானே என்று அன்று அவர்கள் வாளா இருந்துவிடவில்லை!

யார் சமைத்ததை உண்பது? இது இரண்டாம் கேள்வி. 2018-இல், அவினாசியை அடுத்த சிற்றூரில், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் ஒருவர் அரசுப் பள்ளியிலே சத்துணவு சமைப்பதை எதிர்த்துச் சாதியினர் திரண்டனர். பிள்ளைகள் அருகருகே அமரலாமாம். அவர் கை பட்ட சோறு மட்டும் ஆகாதாம்! பந்தியை விட்டு விரட்டப்பட்ட சாதி, அடுப்படியிலே போய்ப் பதுங்கிக்கொண்டது.

கடைசியில் உண்பது யார்? இம்மூன்றாம் கேள்விக்கு நாமே குற்றவாளிகள்.

நண்பர் குடும்பங்கள் சிலவற்றோடு கூடி, ஆண்டுதோறும் மொட்டை மாடியிலே பொங்கலிடுவதை வழக்கமாக்கினோம். சாதி கேளோம், மதம் கேளோம். சென்ற தையிலும் பானை பொங்கியது, குலவை எழுந்தது, இலைகள் விரிந்தன. உண்டு, கை கழுவி, பெண்ணுரிமை பற்றி முழங்கிக்கொண்டிருந்தோம். கூட்டம் கலைந்தபின் திரும்பிப் பார்த்தால், நண்பர் ஒருவரின் அன்னையார் சுவரோரம் தனியே அமர்ந்து, பானையின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி இலையிலிட்டுக்கொண்டிருந்தார். விடியுமுன் எழுந்து வெல்லம் உடைத்தவர் அவர். அவருக்கு ஒரு பிடி பொங்கல் மிஞ்சவில்லை. நாம் பேசிய பேச்சு அத்தனையும் அந்த ஓசையிலே அடிபட்டுப் போயிற்று.

"பெண்கள் விரும்பித்தானே செய்கிறார்கள்?" என்பர் சிலர். விருப்பம் என்று எப்போது கண்டீர்கள்? மறுத்தால் வசை இல்லை என்றாகட்டும். பிறகு கேட்டறிவோம் விருப்பத்தை!

ஆகவே, அடுத்த தைக்கு நம் குழுவிலே சில முறைகள் வகுத்துள்ளோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பண்டம் வரும். அதனை எல்லோரும் உண்போம். எவர் வீட்டுக் குழம்பும் ஒதுக்கப்படாது. அடுப்பு மூட்டுவதும் தேங்காய் துருவுவதும் ஆடவர் பொறுப்பு; பானை துலக்குவதும் அவர்களுடையதே. பண்டங்கள் நடுவிலே இருக்கும். எல்லோரும் ஒருசேர அமர்ந்து, ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்வோம். கடைசிப் பந்தி என்ற ஒன்றே இராது.

சிறிய செயல்தான். ஆனால் விழாவைப் படைக்கும் உரிமை நமக்கு உண்டென்று சொன்னவர்கள் நாம். படைத்த விழாவைத் திருத்தும் கடமையும் நம்முடையதே அன்றோ? பொங்கலோ பொங்கல் என்று முழங்குமுன், தோழர்களே, கரண்டி யார் கையில் என்று ஒருமுறை பாருங்கள்!