பெட்டியின் மேல் 300 வாட், உள்ளே எத்தனை?

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று கைக்கடக்கமான ஆம்ப்ளிபயர்கள் இப்போது ஏராளமாக விற்பனையாகின்றன. எங்கள் காட்டுப்பாக்கம், பூந்தமல்லி வட்டாரத்தில் சிலர் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று வாங்கி வருகின்றனர். சிலர் இணையவழியில் வரவழைக்கின்றனர். ஒரு பாடப்புத்தக அளவே உள்ள இக்கருவிகளின் பெட்டி மேல் 300 வாட், 600 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கக் காண்கிறோம். வாங்குவோர் மனத்தைக் கவர்வது பெரும்பாலும் இந்த எண்தான். இது மெய்யான எண்தானா? மேல்நிலைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே இதனை ஆராய்ந்து பார்க்கலாம்.

உள்ளே செல்வது எவ்வளவு?

ஆம்ப்ளிபயர் ஆற்றலை உண்டாக்குவதில்லை. மின்வழங்கி தரும் ஆற்றலை, பாட்டின் அலைவடிவத்துக்கேற்ப ஸ்பீக்கருக்கு அளிப்பதே அதன் வேலை. எனவே பெட்டியை ஒருபுறம் வைத்துவிட்டு, உடன் வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். அதில் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 60 வாட். இன்றைய 'டி' வகைச் சுற்றுகள் சிக்கனமானவை; உள்ளே செல்லும் திறனில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காட்டை வெளியே தருகின்றன. அப்படியே கொண்டாலும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்து 54 வாட்டுக்கு மேல் தொடர்ந்து கிடைக்க வழியில்லை.

கணக்கு இதோடு முடியவில்லை. மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிச் சுற்று உள்ளே இல்லையெனில், ஸ்பீக்கரின் முனைகளுக்கிடையே கிடைக்கும் பெரும மின்னழுத்தமும் 12 வோல்ட்டைத் தாண்டாது. சைன் அலையின் சராசரித் திறனைக் காண, பெரும மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 144 ஐ 16 ஆல் வகுத்தால் 9 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 18 வாட். சிதைவில்லாத ஒலிக்கு எல்லை இவ்வளவே.

300 எங்கிருந்து வந்தது?

'பி.எம்.பி.ஓ.' என்ற நான்கெழுத்துகளைப் பல பெட்டிகளில் காணலாம். 'பீக் மியூசிக் பவர் அவுட்புட்' என்பதன் சுருக்கம் இது. இசையில் ஒரு கணம் மட்டும் எழும் உச்சத்தின்போது கிடைக்கும் திறன் என்று இதற்கு விளக்கம் கூறுவர். இசையில் அத்தகைய உச்சங்கள் உண்டு என்பது உண்மையே. மின்தேக்கியில் சேர்ந்துள்ள ஆற்றல் அவ்வேளையில் கைகொடுப்பதும் உண்மையே. ஆனால் 12 வோல்ட்டில் உள்ள 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் சேர்ந்திருப்பது 0.072 ஜூல். அதிலிருந்து 300 வாட் எடுத்தால் கால் மில்லிசெகண்டில் தீர்ந்துபோகும். எவ்வளவு நேரத்துக்கு, எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எவ்வளவு சிதைவுடன் என்பவற்றைச் சொல்லாமல் வாட் என்று மட்டும் அச்சிட்டால், அதனை அளவீடு என்று ஏற்க இயலாது.

சில்லு தயாரிப்பாளர்கள் இவ்வாறு செய்வதில்லை. பல ஆண்டுகள் நம் உள்ளூர் ஆம்ப்ளிபயர்களில் இடம்பெற்ற சான்யோவின் எல்.ஏ.4440 சில்லுக்குத் தரவுத்தாள் கூறுவது, ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட். இன்று பரவலாக உள்ள டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டி.பி.ஏ.3116 சில்லுக்கு 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், பக்கத்துக்கு 50 வாட். நிபந்தனைகள் தரவுத்தாளில் இருக்கின்றன. பெட்டிக்கு வரும்போதுதான் அவை காணாமற் போகின்றன.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே குழப்பம் நிலவியது. அங்குள்ள வணிக ஆணையம் 1974-இல் விதி வகுத்து, வீட்டு ஆம்ப்ளிபயர்களின் தொடர்திறனை இன்ன நிபந்தனையில் அளந்தது என்று கூறியே விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. 2024-இல் அவ்விதி மேலும் இறுக்கப்பட்டது. நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணை, இத்தகைய கருவிகளுக்கான அடாப்டர்களைத் தரச் சோதனைக்குள் கொண்டுவந்தது. அது மின் பாதுகாப்பைப் பற்றியது. அடாப்டரில் உள்ள குறியீட்டைக் காட்டி 'வாட்டும் அரசு ஒப்புக்கொண்டதே' என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் சோதித்தறிந்த மின்செலவை நட்சத்திரக் குறியுடன் அச்சிட முடிகிறதென்றால், ஆம்ப்ளிபயரில் மட்டும் ஏன் இயலாது?

நமக்கு எவ்வளவு தேவை?

நல்ல வேளையாக, நம் தேவை மிகக் குறைவு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபெல் ஒலி தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாகப் பாட்டுக் கேட்க அந்த ஒரு வாட்டே போதும். திறனை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் வேண்டும். 9 வாட்டுக்கு 97 டெசிபெல்லைத் தாண்டிவிடுகிறோம். குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்துள்ள எல்லை பகலில் 55, இரவில் 45 டெசிபெல். அடுக்குமாடி வீட்டில் பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம் உறங்குகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆகவே எண்ணுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுப்பதே அறிவுடைமை. ஸ்பீக்கரின் ஓம் அளவு, ஆம்ப்ளிபயர் தாங்கும் குறைந்த அளவுக்குக் கீழே போகலாகாது. இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு முனையைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் இணைக்க வேண்டும். ஒன்று மாறினாலும் கனத்த ஒலி மெலிந்துவிடும். 5 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால், போகவர 10 மீட்டருக்கு மின்தடை 0.12 ஓமுக்கும் குறைவே. விலையுயர்ந்த கம்பி வேண்டியதில்லை. ஸ்பீக்கர்களை அறையின் மூலைகளில் ஒட்டி வைத்தால் கனத்த ஒலி மட்டும் மிகுந்து பாடலின் சொற்கள் தெளிவிழக்கும். சற்று முன்னே இழுத்து, காதின் உயரத்துக்கு வைத்துப் பாருங்கள். செலவில்லாமலே வேறுபாடு தெரியும். ஒலி கரகரத்தால் உடனே குறைத்துவிட வேண்டும். எல்லை மீறிய ஆம்ப்ளிபயர் அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. அப்போது உண்டாகும் உயர் அதிர்வெண்கள் ட்வீட்டரைச் சுட்டுவிடக்கூடும்.

கடைக்குச் செல்லும் மாணவர்கள் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: அடாப்டர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்? இந்த வாட் எத்தனை ஓம் ஸ்பீக்கரில் அளந்தது? அப்போது சிதைவு எத்தனை விழுக்காடு? முதல் கேள்விக்கு விடை அடாப்டரிலேயே இருக்கும். மற்ற இரண்டுக்கும் விடை கிடைக்காவிடில், மேலே சொன்ன வகுத்தலைக் கடையிலேயே போட்டுப் பார்த்து, வரும் விடைக்குத் தகுந்த விலையை மட்டுமே கொடுங்கள்.